மோதிர விரல் செய்த பாவம் என்ன?

“காந்தத்தை எந்த விரலில் வைத்துக்கொள்வது உத்தமம்?” என்று கேட்டு ஓர் இளைஞர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வைத்துக்கொள்வது என்றால் மோதிரமாகப் போட்டுக்கொள்வது அல்ல. விரல் நுனியைக் கத்தியால் கீறி, தோலுக்கு அடியில் அரிசிமணி அளவில் ஒரு காந்தத் துண்டைச் செருகி, மேலே தையல் போட்டு மூடிவிடுவது. காயம் ஆறியபின் அந்த விரலை ஓடுகிற மோட்டார் ஒன்றின் அருகே கொண்டுபோனால் உள்ளே இருக்கும் காந்தம் நடுங்கும். அந்த நடுக்கத்தைச் சதையில் உள்ள நரம்பு வாங்கிக்கொள்ளும். மனிதன் மின்சாரத்தை ‘உணர்வான்’. கதை எழுதுகிறவனிடம் இதை ஏன் கேட்கிறார் என்று முதலில் தோன்றியது. வைத்தியரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறார்.

அவருக்குத் தனியாக நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். பத்திரிகையில் எழுதக் காரணம், அவர் கடிதத்தின் இரண்டாவது பக்கம். “இடது கை மோதிர விரல்தான் ஒன்றுக்கும் உதவாதது, போனாலும் நஷ்டமில்லை, ஆகவே அதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். அந்த ‘எல்லோரும்’ யார் என்று நானும் விசாரித்துப் பார்த்தேன். இந்த விஷயத்தில் ஈடுபாடுள்ள அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். எனக்குச் சண்டை அந்த வாக்கியத்தோடுதான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த இளைஞரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களின் கட்சியில் நான் இல்லை. பச்சைக் குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்து, அது வீறிட்டு அலற அலறக் காது குத்துகிறோம். மூக்குக் குத்துகிறோம், பச்சை குத்துகிறோம், நேர்ந்துகொண்டு அலகு குத்துகிறோம். இத்தனை குத்துக்களையும் பார்த்து வளர்ந்தவர்கள், விரலில் ஒரு காந்தம் என்றதும் “பைத்தியக்காரத்தனம்!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நகைக்காகக் குத்திக்கொள்ளலாம், தெரிந்துகொள்வதற்காகக் குத்திக்கொள்ளக் கூடாது என்பது என்ன நியாயம்? அறிய வேண்டும் என்ற ஆசை ஒருவனைக் கத்தி வரைக்கும் கொண்டுபோகிறது என்றால், அந்த ஆசையிடம் எனக்கு மரியாதை உண்டு. அந்த ஆசை காட்டுகிற இடத்தில்தான் எனக்குத் தகராறு.

இது பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-களின் முற்பகுதியில் ஜப்பானில் சுமிட்டோமோ கம்பெனியும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியும் தனித்தனியே ஆராய்ந்து, நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த ஒரு காந்தத்தைக் கண்டுபிடித்தன. உளுந்து அளவுத் துண்டிலும் முரட்டு இழுப்பு. அது இல்லாவிட்டால் விரலுக்குள் காந்தம் என்ற யோசனைக்கே இடமில்லை. பிறகு 2000-களின் முதல் பாதியில் அமெரிக்காவின் அரிஜோனா மாகாணத்தில், உடல் அலங்காரத் துளைப்பில் பேர்போன ஸ்டீவ் ஹாவர்த்தும் அவருடைய தோழர் ஜெஸ்ஸி ஜாரெல்லும் இதில் இறங்கினார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் விரலில் ஏதோ விபத்தில் இரும்புச் சில் ஒன்று தங்கிவிட்டதாம். ஒலிபெருக்கிகளோடு வேலை செய்கிற அவருக்கு, எதில் காந்தம் இருக்கிறது என்று அந்த விரல் சொல்லிவிடுமாம். அதிலிருந்துதான் இந்த எண்ணம் வந்தது என்கிறார்கள். டாட் ஹஃப்மன் என்ற மாணவர் முதலில் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர்.

இங்கிலாந்தில் ரெடிங் சர்வகலாசாலையிலும் இதைச் செய்து பார்த்தார்கள். கெவின் வார்விக்கும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. விரலுக்குள் காந்தம், விரலைச் சுற்றிக் கம்பிச்சுருள், காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரே உள்ள பொருளின் தூரத்தை அளக்கும் கருவி ஒன்று. பொருள் நெருங்க நெருங்கச் சுருளில் ஓடும் மின்சாரம் மாறும், காந்தம் துடிக்கும், கண்ணை மூடிக்கொண்டே தூரம் தெரியும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பார்வை இழந்தவர்களுக்கு இதனால் ஒரு நாள் பயன் விளையலாம் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இனி இடத்துக்கு வருவோம்.

உடம்பில் எத்தனையோ இடம் இருக்க, விரல் நுனியை ஏன் பிடித்தார்கள்? அங்கேதான் ஸ்பரிசம் குடியிருக்கிறது. 1834-இல் வெபர் என்ற ஜெர்மானியர், கவராயத்தின் இரண்டு முனைகளை உடம்பில் வைத்து வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் முனைகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டும் இரண்டாகத் தெரிகின்றன. முதுகிலோ நாலு சென்டிமீட்டர் அளவுக்கு விலக்கினால்தான் தெரியும், அதற்குள் இருந்தால் ஒரே குத்துத்தான். 1979-இல் ஸ்வீடனில் ஜோஹான்சன், வால்போ இருவரும் கையின் நரம்புகளை எண்ணி அளந்தார்கள். விரல் நுனியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 240 தொடு நரம்பிழைகள். உள்ளங்கையில் அதில் நாலில் ஒரு பங்கு. மான்ட்ரீல் நகரத்தில் பென்ஃபீல்டு என்ற வைத்தியர் விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டுத் தொட்டு 1937-இல் ஒரு கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சம், கைக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடம் அபாரம். அந்த இடத்தில் இடது கை மோதிர விரலுக்கும் பங்கு உண்டு. உதவாத விரல் என்று மூளை அதை ஒதுக்கி வைக்கவில்லை.

ஆகவே, விரல் நுனியில் வைத்தால்தான் காந்தம் பேசும். மற்ற இடங்களில் அது ஊமை. இதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மணிக்கட்டிலோ புறங்கையிலோ முழங்கையிலோ வைத்துக்கொண்டவர்கள் நாலு குண்டூசியை ஒட்டவைத்துக் காட்டி நண்பர்களை அசத்தலாம். சுண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கையின் ஓரச் சதையில் பெரிய காந்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சாமான் தூக்கிக் காட்டுவதற்காம். சட்டைப் பையில் ஒரு லாடக் காந்தம் வைத்திருந்தால் அதைவிட அதிகம் தூக்கலாமே! 2013-இல் யூடா மாகாணத்தில் ஒருவர் இரண்டு காது மடல்களின் முன்குருத்தில் காந்தம் வைத்து, கழுத்தில் கம்பிச்சுருள் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டார். அதிலாவது ஒரு சாமர்த்தியம் இருக்கிறது; காதை ஸ்பரிசத்துக்காக அல்ல, காதுக்காகவே உபயோகித்தார்.

சரி, விரல் நுனிதான் இடம் என்று ஆகிவிட்டது. உணர்ச்சி மிகுந்த இடம் என்பதற்காக ஒரு விரலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அடுத்த மூச்சிலேயே, அந்த உணர்ச்சி போனாலும் பாதகமில்லை என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒரே வாயில் வரும்? பயன்படாத விரல் என்றால், நீங்கள் பொருள்களிடம் கொண்டுபோகாத விரல் என்று அர்த்தம். கொண்டுபோகாத விரலில் இந்திரியத்தை வைத்து என்ன அறியப் போகிறீர்கள்? பயன்படுகிற விரல் என்றால், போனாலும் நஷ்டமில்லை என்ற ஆறுதல் பொய். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

உதவாத விரல் என்பதே முதலில் பொய். சுத்தியலைப் பிடிக்கிறபோதும், கிணற்றுக் கயிற்றை இழுக்கிறபோதும், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறபோதும் பிடியின் பலம் மோதிர விரலிலும் சுண்டு விரலிலும்தான் நிற்கிறது. சுட்டு விரல் நுட்பத்துக்கு; இவை இரண்டும் இறுக்கத்துக்கு. இறுகப் பிடிக்கிற விரலின் சதைக்கும் எலும்புக்கும் நடுவில் ஓர் உலோகத் துண்டு கிடந்தால் ஒவ்வொரு பிடியிலும் அது சதையை நசுக்கும். அதற்காகவே, நடுச் சதையில் வேண்டாம், பக்கவாட்டில் வையுங்கள் என்று ஒரு திருத்தம் சொல்லுகிறார்கள். விரலின் இரு பக்கத்திலும்தான் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன! இன்னொரு வேடிக்கை. இந்த யோசனையைச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் நாள் முழுவதும் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பிழைக்கிறவர்கள். தட்டச்சு முறைப்படி கற்றவனைக் கேளுங்கள்: எஸ், டபிள்யூ, எக்ஸ் மூன்றையும் தட்டுவது இந்த ‘உதவாத’ இடது மோதிர விரல்தான். தினம் ஆயிரம் தடவை சோறு போடுகிற விரலைப் பார்த்து, போனால் போகட்டும் என்கிறார்கள்!

போகும் என்பது என் கற்பனை அல்ல. நியோடிமியம் காந்தம் ஈரம் பட்டால் துருப்பிடித்துப் பொடிந்துவிடும் சரக்கு. நம் உடம்பின் உட்புறமோ உப்பு நீர். ஆகவே காந்தத்துக்குச் சட்டை போட வேண்டும். ஆரம்பத்தில் சிலிக்கோன் போட்டார்கள். பிறகு பொன்முலாம், பாரிலீன், டைட்டானியம் நைட்ரைடு என்று வந்தன. சட்டையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும். க்வின் நார்ட்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளர் தம் விரலில் வைத்துக்கொண்டு, 2006-இல் ‘வயர்டு’ பத்திரிகையில் அந்த அனுபவத்தை எழுதினார். மின்சாரத்தின் ரீங்காரத்தை விரலால் அறிந்ததையும் எழுதினார். சட்டை கிழிந்து விரல் கறுத்ததையும், எடுக்கப் போன இடத்தில் காந்தம் நொறுங்கி முழுவதும் வெளியே வராமல் போனதையும் ஒளிக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். அவரைப் படித்துவிட்டு முதல் பாதியை மட்டும் நினைவு வைத்துக்கொண்டிருக்கிறவர்களைத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று. ஆஸ்பத்திரியில் கத்தி கத்தரிக்கோல்களை நீராவியில் 121 டிகிரி வரை சுட்டுக் கிருமியைக் கொல்லுவார்கள். சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினாலே காந்தத்தை இழக்கத் தொடங்கிவிடும். எனவே அதைச் சுட முடியாது. மருந்து நீரில் ஊறப்போட வேண்டும். ஊறியது போதுமா போதாதா என்பது ஊறப்போட்டவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. நகச்சுற்று வந்து விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் இருந்தவர்களுக்கு விரல் வலி என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நுனிச் சதைக்குள்ளேயே சீழ் பிடித்தால் அதைவிட மோசம். அந்தச் சதை சிறுசிறு அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது; சீழ் பரவ வழியில்லாமல் உள்ளேயே அழுத்தி எலும்பு வரை போய்விடும்.

இத்தனையும் யார் கையால் நடக்கிறது? வைத்தியர் கையால் அல்ல. “ஆரோக்கியமான உடம்பில் கத்தி வைக்கமாட்டேன்” என்று வைத்தியர் ஒதுங்கிக்கொள்கிறார். துளைக்கிறவருக்கோ மரத்துப்போகும் ஊசி போட அமெரிக்காவில் சட்டம் இடம் தருவதில்லை. எனவே விரலை ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு, மரத்ததும் மரக்காததுமாகக் கீறுகிறார்கள். இங்கிலாந்தில் காதை அறுத்து, நாக்கைப் பிளந்து அலங்காரம் செய்த ஒருவர் வழக்கில், வந்தவரின் சம்மதம் மட்டும் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது; மறு வருஷம் அவர் சிறைக்குப் போனார். வைத்தியர்களை நான் கேட்பது இதுதான்: மூக்கை நிமிர்த்தவும் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சவும் ஆரோக்கியமான உடம்பில் கத்தி வைக்கிறீர்களே, அப்போது எங்கே போயிற்று உங்கள் விரதம்? இந்தப் பையன் வந்து கேட்டால் மறுப்பது உங்கள் உரிமை. ஆனால் மறுப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார வைத்து இந்த விவரங்களைச் சொல்லுங்கள். ஒரு முறைப்பில் அவனை வெளியே அனுப்பினால் அவன் ஐஸ் தண்ணீரிடம்தான் போவான்.

போகிறவனுக்கு வயசு இருபது இருபத்திரண்டு. அவனுக்கு ஐம்பது வயசாகும் என்று அவனுக்கே நம்பிக்கையில்லை. எனக்கு இருக்கிறது. அன்றைக்கு முதுகு வலியோ, தலைச்சுற்றலோ, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வதோ வரும், எம்.ஆர்.ஐ. எடு என்பார்கள். அந்தக் கருவியே ஒரு ராட்சசக் காந்தம், 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா என்று சொல்லுகிறார்கள். பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்கு, அறுபதாயிரம் மடங்கு. அதன் அருகில் விரலுக்குள் இருக்கிற துண்டு திரும்பும், இழுக்கும். உள்ளே காந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் படம் எடுக்கிறவர் மாட்டேன் என்றுதான் சொல்லுவார். அவசரத்தில், பேச்சில்லாமல் கிடக்கிறவனின் விரலுக்குள் என்ன இருக்கிறது என்று யார் சொல்லுவது?

இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற சரக்கையும் கொஞ்சம் தராசில் போட்டுப் பார்ப்போம். ‘ஆறாவது அறிவு’ என்கிறார்கள். தொல்காப்பியக் கணக்கில் ஆறாவது மனம்; தொடு உணர்வோ முதலாவது, புல்லுக்கும் மரத்துக்கும் உள்ளது. இந்தக் காந்தம் தருவது சாட்சாத் அந்த முதலாவதுதான். புதிதாக எந்த இந்திரியமும் முளைக்கவில்லை. பழைய ஸ்பரிசத்தை உள்ளேயிருந்து ஒரு துண்டு நெருடுகிறது. புறாவைப் போல் வடக்குத் தெரியும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. பூமியின் காந்தம் இந்தத் துண்டை அசைத்து உணரவைக்கும் அளவுக்குப் பலம் உள்ளதல்ல. சுவருக்குள் ஓடும் வயரைக் கண்டுபிடிக்கலாம் என்பது பாதிக்கு மேல் கதை. போகிற கம்பியும் வருகிற கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிறபோது ஒன்றின் காந்தப் புலத்தை மற்றொன்று அநேகமாக அழித்துவிடும். மிச்சம் இருப்பவை மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், ஒலிபெருக்கி, மைக்ரோவேவ் அடுப்பு. அவற்றின் நடுக்கமும் சில அங்குலத்துக்குள்தான். அதுவே அற்புதம் என்பீர்கள். நானும் அற்புதம் என்றுதான் சொல்லுகிறேன்.

எப்படித் தெரியும் என்றால், நான் பரீட்சை செய்து பார்த்தேன். விரலைக் கீறிக்கொள்ளாமல்! மூன்று மில்லிமீட்டர் வட்டக் காந்தம் ஒன்றை நகத்தின்மேல் பசை போட்டு ஒட்டிக்கொண்டேன். அந்த விரலை, ஓடுகிற மிக்ஸியின் அடிப்பாகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நகம் முழுவதும் ஒரு வண்டு அடைபட்டுக் கிடப்பதைப் போல் ரீங்கரித்தது. மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு வரி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு நகக் கண்ணில் வந்து உட்கார்ந்தது. குளிர்சாதனப் பெட்டியின் ஸ்டெபிலைசர் பக்கம் போனேன். அது வேறு குரல், கொஞ்சம் மந்தம். வீட்டில் உள்ளவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது இங்கே வேண்டாம்.

உள்ளே வைத்தால் இதைவிடத் துல்லியமாகத் தெரியும் என்று பதில் சொல்லுவார்கள். தெரியும், மறுக்கவில்லை. நரம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறதே! எப்போதும் கூடவே இருப்பதால் மனசு அதற்குப் பழகி, காந்தம் மறந்துபோய் உணர்ச்சி மட்டும் நிற்கும் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக்கும் நாம் அப்படித்தான் பழகினோம்; அதற்காக ஒருவரும் கண்ணாடியைக் கன்னத்து எலும்பில் தைத்துக்கொள்ளவில்லை. கிடைக்கிற கொஞ்சம் துல்லியத்துக்காக, இருக்கிற துல்லியத்தில் எவ்வளவைப் பணயம் வைப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கைப் போடாமல் ‘எந்த விரல்’ என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நகத்தில் ஒட்டுவதென்றால் எந்த விரல் என்பதற்குப் பதில் உண்டு. வலது கைக்காரராக இருந்தால் வலது சுட்டு விரல்; எதையும் அறியப் போகும்போது முதலில் நீளுவது அதுதான். பிடிக்காவிட்டால் நாளைக்கே வேறு விரலுக்கு மாற்றலாம். நகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளருகிறது. ஒட்டியது கூடவே நகர்ந்து நுனிக்கு வந்து, வெட்டுகிறபோது விழுந்துவிடும். அதற்கு முன்பே பசை விட்டுப்போகிற நாளும் உண்டு, அதுதான் இதில் உள்ள ஆபத்து. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். இந்த ரகக் காந்தம் இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரண்டு மடிப்புக்களுக்கு நடுவே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். இருதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் வீட்டில் இருந்தால், அந்த விரலை அவர் மார்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கழற்றியதைத் தகர டப்பாவில் போட்டு மூடி, பரண்மேல் வைத்துவிடுங்கள்.